சந்திப்புக்கு வைத்த பெயர்

பிள்ளைகளே, ஓல்போர்க்குக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலைகள் பிரிந்து, வளைந்து, மறுபடி சேர்கிற பெரிய சந்திப்பு ஒன்று வரும். அதன் சரிவுகளில் நிற்கிற மரங்களில் பாதியை நட்டது நானும் இன்னோர் அண்ணையும்தான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இந்த டேனிஷ்காரரின் நாட்டுக்கு வந்து இரண்டாம் வருடம். அண்ணைக்கு என்னைவிடப் பத்து வயது கூட. ஒரே வீட்டில் நாங்கள் நான்கு ஆண்கள் இருந்தோம். கடிதம் வருவது அவருக்கு மட்டும்தான்.

வருகிற கடிதத்தில் நல்ல சேதி இராது. அவருடைய மனைவி ஊரில் தகப்பன் வீட்டில் இருந்தார். இங்கே வர அனுமதி எப்போதோ கிடைத்துவிட்டது. மாமனார்தான் விடவில்லை. "மண் கொத்துறவனிட்டை என்ர பிள்ளையை அனுப்பேலாது" என்று ஒரே பிடி. அண்ணை அதையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். பிறகு, "வருவா, பாருங்கோ" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். திட்டி எழுதக்கூட எனக்கு ஆளில்லை.

ஒரு நாள் மத்தியானம், சில்லு பூட்டி இழுத்துச் செல்கிற தகரக் கொட்டிலுக்குள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேற்பார்வை செய்கிறவர் பத்திரிகையை விரித்து, இந்தச் சாலைக்கு நாடாளுமன்றத்தில் சட்டம் வருகிறது, சந்திப்பின் பெயரும் அதில் எழுதப்படும் என்று வாசித்தார். உடனே ஒரு டேனிஷ்காரன் கடித்த பாணை நீட்டி அண்ணையைக் காட்டி, "இவன் பெயரை வையுங்கள், மண்வெட்டிகளை முறித்தது இவன்தானே" என்றான். கொட்டில் அதிரச் சிரித்தார்கள்.

"என்னவாம் தம்பி?" என்று அண்ணை கேட்டார். மொழிப் பள்ளிக்கூடத்தில் நான் அவரைவிடக் கொஞ்சம் முன்னுக்கு நின்றேன்.

பகிடி விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"சந்திக்கு உங்கட பேரை வைக்கப் போயினமாம் அண்ணை. சட்டத்திலை எழுதப் போயினம்."

"விசர்க்கதை கதையாதை."

"உங்களைத்தானே காட்டினவன்? நீங்களும் பாத்தனீங்கள்."

அவர் பார்த்ததுதான். ஊரில் ஒழுங்கைக்கும் வீதிக்கும் ஆட்களின் பெயர்தான் வைப்பார்கள். கிணறு வெட்டிக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்துக்குக் காணி எழுதியவர் என்று யாராவது ஒருவர். அரசாங்கக் கெசற்றில் வந்தால் பிறகு பேச்சில்லை. இந்த நாட்டில் சந்திப்புக்குப் பக்கத்துக் கிராமத்தின் பெயரைத்தான் வைப்பார்கள் என்று அவர் எங்கே கண்டார்?

"கெசற்றிலை வருமோ?"

"வராமல்?"

அண்ணை எழும்பினார். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தனாகப் போய்க் கைகொடுத்து, "தக், தக்" என்று நன்றி சொன்னார். ஏனென்று விளங்காமலே அவர்களும் சிரித்துக்கொண்டு கைகொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சட்டத்தின்ர பிரதி ஒண்டு எடுக்கேலாதோ தம்பி? மாமாவுக்கு அனுப்பினால், அவ வந்திடுவா."

எடுத்துத் தருகிறேன் என்றேன். குப்பைப் பையை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று நகரசபை அனுப்பிய அறிவித்தலை, மொழிப் பள்ளிக்கூடத்துத் தட்டச்சு இயந்திரத்தில் வரிக்கு வரி அடித்தேன். பந்திகளுக்கு இலக்கம் போட்டேன். மூன்று இடத்தில் அண்ணையின் முழுப்பெயரைச் செருகினேன். மற்ற இரண்டு பேரும் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பாவமடா, மனுசன் உண்மையா அனுப்பிப்போடும்" என்றான் ஒருத்தன்.

"அனுப்பட்டும். அங்கை ஆர் டேனிஷ் வாசிக்கப் போறான்?" என்றேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மாமனார் அந்தத் தாளுக்குக் கண்ணாடிப் பிரேம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டாராம். மகளை அனுப்புகிறாராம். அண்ணை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன்னாலைதான் தம்பி" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பகிடி இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் பெயர்ப்பலகை வந்தது. பாரம்தூக்கியில் தூக்கி நிறுத்தினார்கள். அண்ணை கீழே நின்று எழுத்து எழுத்தாக வாசித்தார். அங்கே இருந்தது தேவாலய மணி கேட்கிற தூரத்துக் கிராமத்தின் பெயர்.

"தம்பி, இதிலை என்ர பேர் இல்லை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மண்வெட்டிக் கதை, குப்பை அறிவித்தல் எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்தே சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "அவ ஊரிலையிருந்து வெளிக்கிட்டிட்டா" என்று மட்டும் சொன்னார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மற்றச் சரிவுக்குப் போனார்.

அண்ணையின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா வந்த மூன்றாம் நாள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். எங்களில் கார் ஓடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேம்பாலத்தில் நிறுத்தினேன். அவர் கைப்பையிலிருந்து அந்தத் தாளின் பிரதியை எடுத்து விரித்து, அதையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுத்து ஒத்து வரேல்லையே. தம்பி, நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ."

கிராமத்தின் பெயரை வாசித்தேன்.

"அப்ப இந்தப் பேப்பர்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது நான் செய்விச்சது. நீ வரவேணுமெண்டு பொய் அனுப்பினனான்" என்றார் அண்ணை.

முட்டாள் என்பதைவிடப் பொய்யன் என்பது மேல் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நான் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா தாளை மடித்தார். "உங்களை நம்பி அப்பாவை விட்டிட்டு வந்தன். இனி நீங்கள் சொல்லுறதிலை எதை நம்ப?"

அந்த அண்ணையும் அக்காவும்தான் உங்களுக்கு மாமா, மாமி. கொண்டாட்டங்களில் மாமா எதையாவது சொன்னால், மாமி எல்லோர் முன்னாலும், "இவரின்ர கதையை விடுங்கோ, சட்டமே பொய்யா எழுதுவிச்ச ஆள்" என்பார். சபை சிரிக்கும். நீங்களும் சிரிப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும். மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இனி நீங்கள் சிரிக்க வேண்டாம். மாமியிடம் போய்ச் சொல்வதென்றாலும் சொல்லுங்கள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.