காக்கையை விரட்டிய வாத்துகள்

அன்று கொல்லையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அம்மா, புத்தூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா, மூன்று வாத்துகள். காக்கைகளும் இருந்தன, ஆனால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல்.

அப்பாவுக்குத் திதி. காவிரியில் அம்மா மண்டபப் படித்துறையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது ஓட்டு வீடு, மாடி கிடையாது. அதனால் காக்கைக்கு வைக்கிற இலையைக் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல்தான் வைப்போம். அது வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம்.

வாத்துகளை வாங்கியது அந்த வருடம்தான். மற்ற பறவைகளோடு அவற்றுக்குப் பெரிய சண்டை கிடையாது. தவிட்டுச் சட்டியில் மைனாக்கள் இறங்கிப் பாதியைத் தின்றுவிட்டுப் போகும், வாத்துகள் கண்டுகொள்வதில்லை. துவைக்கிற தண்ணீர் தேங்கும் குழியோரத்தில் ஒரு மடையான் கொக்கு வந்து அசையாமல் நிற்கும், வாத்துகள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கும். காக்கை மட்டும் ஆகாது. ஒரு காக்கை முட்டையைக் கொத்தியதிலிருந்து, அதன் நிழல் தரையில் விழுந்தாலே மூன்றும் கழுத்தைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு ஓடும்.

அன்றும் ஓடின. அம்மா "கா... கா..." என்று கூப்பிடக் கூப்பிட, ஒரு காக்கை மதில் வரை வரும். வாத்துகள் கத்திக்கொண்டு பாயும். அது தொட்டிக்கே திரும்பிவிடும்.

"ஏங்க, இதுங்களப் பிடிச்சு அடைச்சிடலாமா?" என்றாள் மனைவி.

"இப்பப் பிடிக்கப் போனா, கத்துற கத்துல இருக்கிற காக்காவும் ஓடிடும்," என்றாள் அம்மா. "வாத்துமேல பழியப் போடாதீங்க. அவருக்கு மனசுல ஏதோ குறை."

"குறை எனக்குத்தான் அண்ணி," என்றார் சித்தப்பா. "சுகர் மாத்திரை போட்டுட்டு உக்காந்திருக்கேன். அண்ணனோட நானும் ஒரேடியா போய்ச் சேர்ந்துக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கடன் ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்கு போர்வெல் போட அப்பா சித்தப்பாவிடம்தான் எண்பதாயிரம் வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "தம்பிக்குக் குடுத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு சித்தப்பா கேட்கவில்லை. நாங்களும் பேச்சை எடுக்கவில்லை. காக்கை இலையைத் தொடாவிட்டால், போனவரின் ஆசையை நிறைவேற்றுவதாக வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். ஒன்பதாவதோடு நின்றவன் நான். படித்திருந்தாலும் அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றியிருக்காது.

"அப்பா, சித்தப்பா பணத்த நான் குடுத்துடறேன்," என்றேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, சத்தமாக.

அதே நேரத்தில் கொல்லைக் கோடியில் மனைவி அரிசி கழுவிய தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள். வாத்துகள் அந்தப் பக்கம் ஓடின. காக்கை கல்லில் இறங்கியது. முதலில் வடையை எடுத்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா? அதுதான் குறை."

"நான் கழுநீர் ஊத்துனேன் அத்தை," என்றாள் மனைவி.

"ஊத்துன. காக்காகிட்ட யாரு சொன்னது?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான் கேக்கலப்பா. இவங்க எல்லாரும் சாட்சி," என்றார். பிறகு, "இலையப் போடுங்கம்மா," என்றார்.

நான் இரண்டையும் பார்த்தேன், கழுநீரையும் காக்கையையும். எதனால் வந்தது என்று இன்றுவரை என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. முடிவு தெரியாத வரை கொடுத்துவிடுவதுதான் எனக்கு நிம்மதி. ஒவ்வொரு மாதமும் முடிந்ததைப் புத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அமாவாசைகளில் வாத்துகளை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்கிறாள் மனைவி. அடைத்தால், அப்பா உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதனால் திறந்தே விடுகிறேன். கழுநீரை மட்டும் அவள் தயாராக வைத்திருக்கிறாள்.

இன்னும் நாற்பத்தேழாயிரம் ரூபாய் பாக்கி.