பக்கத்து வீட்டைக் கேட்டு எழுதிய படிவம்

படித்து முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, மின்சாரம் எட்டாத வீடுகளுக்கு அதை மலிவாகக் கொண்டுபோகத் திட்டம் போடுவது. குடாநாட்டில் இன்னும் அப்படி வீடுகளா என்று கேட்பவர்களை அரியாலையின் கிழக்குப் பக்கம், கடலேரி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஒன்பது குடும்பங்கள் அங்கே ஒரு குறுகிய மணல் ஒழுங்கையின் இரு பக்கமும் இருந்தன. கடைசி மின்கம்பம் வீதியோடு நின்றுவிட்டது.

என்னிடம் ஒரு மடிக்கணினியும் அதில் ஒரு கெட்டிக்கார மென்பொருளும் இருந்தன. கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம், வீடுகள் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்ற இரண்டையும் கொடுத்தால், கம்பி இழுப்பது மலிவா, வீட்டுக்கு வீடு சோலர் பெட்டி கொடுப்பது மலிவா என்று அது சொல்லிவிடும். கூட எடுப்பார்கள் என்றால் கம்பி. ஒரு லைட்டோடு நிற்பார்கள் என்றால் பெட்டி. ஒரு கிழமையில், ஏழே நாளில், முடித்துவிடுவேன் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"வீட்டிலை கரண்டிலை ஓடுற சாமான் என்ன கிடக்கு?" என்று முதல் வீட்டில் கேட்டேன்.

"எங்களிட்டை என்ன பிள்ளை கிடக்கு? ஒரு லைட்டும் போன் சார்ஜ் பண்ண ஒரு பிளக்கும் போதும்."

ஒன்பது வீட்டிலும் அதே பதில், அதே பெருமூச்சு. மென்பொருள் ஒன்பது பெட்டி என்றது. நானும் மகிழ்ச்சியாகப் போய் அறிவித்தேன்.

அறிவித்து வாய் மூடவில்லை, நடு வீட்டு அக்கா என் கையைப் பிடித்துப் பின்பக்கக் கொட்டிலுக்கு இழுத்துப் போனார். இரண்டு சாக்கையும் ஒரு பழைய சேலையையும் போர்த்தியபடி அங்கே ஒரு அரைக்கும் மெசின் நின்றது. அவர் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து, சைக்கிளில் கட்டி, யாரோ ஒருவரின் மில்லில் காத்துக்கிடந்து அரைத்து, அந்தத் தூளை விற்றுத்தான் சீவியம். தானே மில் போடலாம் என்று அரும்பாடுபட்டு வாங்கியது அந்த மெசின்.

"உம்மடை பெட்டி இதைச் சுத்துமோ?"

"சுத்தாது அக்கா. அப்ப ஏன் ஒண்டும் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"படிவத்தோடை வாறவைக்கு வேறை என்னத்தைச் சொல்லுறது? ஒருக்கால் கோழி வளர்க்கிறன் எண்டன். கோழி குடுக்கிற லிஸ்டிலை என்ரை பேர் இல்லை. மெசின் நிக்குதெண்டால் நிவாரணத்தையும் வெட்டிப்போடுவாங்கள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டை முடிந்த காலத்திலிருந்து எத்தனையோ பேர் இந்த ஒழுங்கைக்குப் படிவத்தோடு வந்து, இல்லை என்பவர்களுக்கே கொடுத்து, இவர்களை நன்றாகப் பழக்கிவிட்டிருந்தார்கள். இருக்கிறது என்றால்தான் கிடைக்கும் என்ற கணக்கெடுப்பை இவர்கள் கண்டதே இல்லை.

அடுத்த நாள் முழு ஒழுங்கையையும் கூட்டி, மின்சாரம் கூடத் தேவையென்றால்தான் கம்பி வரும் என்று விளக்கினேன். அது இன்னொரு பிழை. ஒரு லைட் கேட்ட அம்மா இப்போது ஏசி என்றார். மீன்பிடிக்கிற ஐயா ஐஸ் பக்டரி போடப்போவதாகச் சொன்னார்.

"எங்கை ஐயா போடப்போறியள்?"

"கம்பி வரட்டும். காணி பாப்பம்."

இதை அப்படியே கொண்டுபோனால் மேலதிகாரி படிவத்தோடு சேர்த்து என்னையும் கிழித்துவிடுவார். ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு யோசித்தேன். எங்கள் ஆட்களுக்குச் சொந்த வீட்டைப் பற்றிக் கேட்டால்தான் ஞாபகமறதி. பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால்?

கேட்டேன்.

"உவள் சொல்லமாட்டாள் பிள்ளை. தமையன் கனடாவிலையிருந்து வரேக்கை வாங்கிக் குடுத்த பிரிட்ஜ் கிடக்கு. சீலை அடுக்கி வைச்சிருக்கிறாள்."

"அவையின்ரை தண்ணி மோட்டர் கட்டிலுக்குக் கீழை. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையும்."

"ஏசியோ? அவவுக்கு ஃபேன் காத்துக்கே தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகும்."

பிரிட்ஜ் என்ன நிறம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை வந்துவிட்டது. பிறகு வீடு வீடாகப் போய், "உங்கடை நீலப் பிரிட்ஜை ஒருக்கால் பாக்கலாமோ?" என்று சாதுவாகக் கேட்டேன். அவர்கள் அயலை முறைத்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்கள்.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். மென்பொருள் கொஞ்சத்தால் பெட்டிப் பக்கமே நின்றது. அக்காவின் மெசினும் சேர்ந்தால் கம்பி. ஆனால் அவர் கையெழுத்து வேண்டும்.

கொட்டிலில் படிவத்தை நீட்டினேன். அவர் பேனையைத் தொடவில்லை. "இந்தத் தாள் நிவாரணக் கந்தோருக்குப் போகாதெண்டு என்ன சாட்சி?"

என்னிடம் சாட்சி இல்லை. படிவத்திலாவது இருக்குமா என்று அதை எடுத்து, முதல் தடவையாக, ஒழுங்காக வாசித்தேன். வெட்கக்கேடு. வீட்டில் என்ன இருக்கிறது என்று அது கேட்கவே இல்லை. மின்சாரம் வந்தால் எதைப் பயன்படுத்துவீர்கள் என்றுதான் இருந்தது. "என்ன கிடக்கு" என்பது அவசரத்தில் நானாகக் குறுக்கிக் கேட்டது.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சாக்கை இழுத்து மெசினின் காலையும் மூடினார்.

"அப்ப எழுதும். மில் போட யோசிக்கிறன்."

"இந்த மெசின்?"

"எந்த மெசின்?"

கையெழுத்து வைத்தார். அன்றைக்கே மென்பொருளின் வரைபடத்தில் அந்த ஒழுங்கை பெட்டி நிறத்திலிருந்து கம்பி நிறத்துக்கு மாறியது.

கம்பம் வர, நான் பெருமையாகச் சொல்லித் திரிந்ததைவிட எவ்வளவோ காலம் எடுத்தது. வந்த கிழமையே மில் ஓடியது. பார்க்கப் போனபோது வறுத்த மிளகாயோடு அயல் முழுதும் முற்றத்தில் நின்றது. அக்காவின் புருவம்கூடச் சிவந்திருந்தது.

"இப்ப ஊருக்கே தெரியுது. நிவாரணக்காரர் வந்தால் என்ன செய்வியள்?" என்று தும்மலுக்கு நடுவே கேட்டேன்.

"வரட்டும்," என்றார், மிளகாயைக் கொட்டியபடி. "வரிசையிலை நிக்கச் சொல்லுவன்."