உள்ளேன் அம்மா

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபப்படக் கூடாது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பம்பாயில் கடைப் பலகையும் ரயில் பலகையும் இந்தியிலும் மராட்டியிலும் வாசித்தே காலம் போய்விட்டது. தமிழில் மூன்று ல எதற்கு, எது எங்கே வரும் என்று கை இன்னும் தடுமாறுகிறது. பிழைகளைத் திருத்தித் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்தட்டும். நடந்ததைத் திருத்தாமல் இருந்தால் போதும்.

எழுதச் சொன்னதும் அக்காதான். "நீ வாயால சொல்ல மாட்ட. எழுதியாவது குடு" என்றாள். இப்போது டோம்பிவிலியில் இருக்கிறாள். அங்கே ரயில் ஏறும்போது பேச ஆரம்பித்தால் தாதர் வரும் வரை நிறுத்த மாட்டாள். அவள் ஒரு காலத்தில் மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்தாள் என்று சொன்னால் அவள் பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். அப்பா ஒரு சூட்கேஸ் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா வீட்டில் உட்கார்ந்து, தையல் முடிந்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக் கொடுப்பாள். சின்னக் கத்தரி ஒன்று எப்போதும் அவள் இடுப்பில் செருகியிருக்கும். நானும் அக்காவும் முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அங்கே ஏழு வகுப்புதான். மேலே படிக்க வேண்டுமானால் வேறு மொழிக்குப் போக வேண்டும். எங்கள் சந்தில் பெண் பிள்ளைகளின் படிப்பு ஏழோடு முடிந்துவிடும். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து எட்டாம் வகுப்பு வாங்கினாள். மாட்டுங்கா பக்கம் இருந்த ஓர் இந்திப் பள்ளியில் அவளைச் சேர்த்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு, மதியம்தான் பள்ளிக்கூடம். அதனால் காலையில் அக்காவைப் புதுப் பள்ளியின் கேட் வரை கொண்டுபோய் விடுவது என் வேலை. பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஒன்பது வயதுப் பையன் காவல். ரோடு தாண்டும்போது என் கையை அவள்தான் பிடித்துக்கொள்வாள்.

முதல் நாள் போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் கழித்து அம்மா கேட்டாள்.

"என்னட்டி, மொகம் இப்பிடிக் கெடக்கு? யாரும் ஏசுனாங்களா?"

"பாயி" என்றாள் அக்கா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாட்டுங்கா மாடி வீடுகளில் பெருக்கித் துடைக்க வருகிற பெண்களைப் பாயி என்று கூப்பிடுவார்கள். அம்மாவுக்குத் தெரிந்த பாயி அதுதான். பள்ளியில் டீச்சரம்மாவையும் மராட்டி வழக்கப்படி பாயி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "பெருக்குறவ ஏசுனதுக்கா இந்தப் பாடு? தண்ணியச் சிந்திருப்ப, அவ ரெண்டு சொல்லிருப்பா, விடுட்டி" என்று அம்மா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஆனால் நாள் போகப் போக அக்கா வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். எனக்கு அது தொண்டை வியாதி என்று பட்டது. புதுப் பள்ளிக்கூடத்துத் தண்ணீரில் குரல் கரைந்துவிட்டது என்று முடிவு செய்து, அதைத் திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு என்றும் எடுத்துக்கொண்டேன். பனங்கற்கண்டும் மிளகும் மடித்து அவள் பையில் வைத்தேன். மாஹிம் மாதா கோயிலில் காணிக்கை வைக்க மெழுகில் செய்த கை, கால் விற்பார்கள். மெழுகுத் தொண்டை கிடைக்குமா என்று ஒரு கடையில் கேட்கப் போய், கேட்க வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன்.

கணபதி கரைத்த வாரத்தில் பள்ளியிலிருந்து ஒரு கார்டு வந்தது. இந்தியில் இருந்ததால் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் வாசிக்கக் கொடுத்தோம். மேலப்பாளையத்துக்காரர், எங்களுக்கு மாமா முறை சொல்லிப் பழக்கம். வாசித்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரே அறையில் தனியாக ஏது? எல்லாருக்கும் கேட்டது.

"மச்சான், பிள்ள ஸ்கூலுக்கே வரலையாம். ஜூன்ல சேந்ததுல இருந்து ஆப்சென்டுதானாம். இந்த வாரம் வந்து சொல்லலைன்னா பேர வெட்டிருவாங்களாம். பாயின்னு கையெழுத்துப் போட்டிருக்கு."

அப்பாவின் முகம் போன போக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்றால் எங்கே போனாள்? சந்துக்குள் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு.

"எங்கட்டி போன? சொல்லு. எங்க போன தெனமும்?"

அக்கா சுவரைப் பார்த்து நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீதானல கூட்டிட்டுப் போற? உண்மையச் சொல்லு. ஸ்கூலுக்குள்ள போனாளா, இல்லியா?"

போனாள். தினமும் அவள் கேட்டுக்குள் போய் படி ஏறி மறைகிற வரை பார்த்துவிட்டுத்தான் நான் திரும்புவேன். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

"ரெண்டும் கூட்டு" என்றார் அப்பா. "நாளையில இருந்து படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆத்தாகூட ஒக்காந்து நூலு வெட்டட்டும்."

அடுத்த நாள் அப்பா பட்டறைக்குப் போனதும் அம்மா ஒரு சட்டைக் கட்டை அக்கா முன் தள்ளினாள். அக்கா கத்தரியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். கண்ணீர் சட்டையில் விழுந்தால் கறை படும் என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வெட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சுத்தான் வராது, கை இருக்கிறதே. அம்மாவின் முந்தானையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன்.

"என்னல? விடு. ஒண்ணுக்கு வருதா?"

விடவில்லை. இழுத்தேன். அடித்தாள். அப்போதும் இழுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கார்டைப் பார்த்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டவ யாருன்னான் அந்த அண்ணன்? பாயியா? கூட்டிப் பெருக்குறவ எம்பிள்ள பேர வெட்டுவாளா? ஏட்டி, எந்திரி. அந்தப் பாயிய நான் பாத்துட்டுத்தான் மறுவேல."

மூன்று பேரும் நடந்தோம். அம்மா முன்னால், கத்தரி இடுப்பில்.

கேட்டைத் தாண்டியதும் தாழ்வாரத்தில் ஒரு பெண்மணி துடைப்பத்தோடு நின்றார். அம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"தும் பாயி ஹை க்யா?"

"ஹா, மைச் பாயி" என்றார் அவர். நான்தான் பாயி.

அம்மா தன் இந்தி முழுவதையும் எடுத்து வீசினாள். என் பெண் பெயரை வெட்ட நீ யார், மூன்று மாதமாக அவள் வாயை அடைத்தது நீதானே, துடைப்பத்தைப் பிடிக்கிறவளுக்கு ரிஜிஸ்டர் எதற்கு. அந்தப் பெண்மணி ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், பின்னால் நின்ற அக்காவைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"இந்தப் பெண்ணா? வரவில்லை என்று யார் சொன்னது?" என்றார் இந்தியில். "தினமும் எனக்கு முன்னால் வந்து நிற்பாளே. கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். இடைவேளையில் யாரோடும் சேர மாட்டாள், என்னோடு சேர்ந்து தண்ணீர்ப் பானை நிரப்புவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஊமை என்றல்லவா நினைத்தேன்?"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெருக்குகிற பாயி அக்காவின் கையைப் பிடித்து நேராக வகுப்புக்குக் கூட்டிப்போனார். வழியில் நாலைந்து பையன்கள் "ஏ உல்லூ அம்மா! உல்லூ அம்மா ஆயீ!" என்று கத்தினார்கள். உல்லூ என்றால் ஆந்தை. முட்டாளை அப்படிச் சொல்வார்கள்.

வகுப்பில் மேசைக்குப் பின்னால் இருந்த டீச்சரையும் எல்லோரும் பாயி என்றே கூப்பிட்டார்கள். அம்மா அப்போதுதான் கத்தரியை முந்தானையால் மூடிக்கொண்டாள். டீச்சர் ரிஜிஸ்டரைத் திறந்தார். அறுபதுக்கு மேல் பெயர்கள். அக்கா பெயருக்கு நேராக மட்டும் சிவப்பு மையில் ஆப்சென்ட் என்பதற்கான ஒரே எழுத்து கோடு பிடித்தது போல ஓடியது.

"தினமும் கூப்பிட்டேனே. பதில் இல்லை" என்றார் டீச்சர்.

"கூப்பிட்டீங்க பாயி. பாத்தீங்களா?" என்றார் பெருக்குகிற பாயி.

சத்தமில்லாமல்தான் சொன்னார். டீச்சர் கோபப்படுவார் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, அக்காவிடம் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டார். அக்கா வாய் திறக்கவில்லை. முதல் நாள் என்ன சொன்னாள் என்று வகுப்பைக் கேட்டார். வகுப்பு சிரித்தது. கடைசியில் என்னிடம் குனிந்தார்.

"உன் பள்ளியில் பெயர் கூப்பிட்டால் நீ என்ன சொல்வாய்?"

முந்தின நாள் அப்பாவிடம் வராத குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை நான்கு வருடப் பழக்கம்தான் காரணமாக இருக்கும். கைகளை உடம்போடு ஒட்டி நின்று கத்தினேன்.

"உள்ளேன் அம்மா!"

வகுப்பே அதிர்ந்து சிரித்தது. உல்லூ, உல்லூ என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. அக்கா முதல் நாள் ஏழு வருடப் பழக்கத்தில் எழுந்து நின்று இதைத்தான் சொல்லியிருக்கிறாள். 'உள்ளேன்' அவர்கள் காதில் உல்லூ என்று விழுந்திருக்கிறது. என்ன சிரிப்பு என்று டீச்சர் மேசையைத் தட்டி அதட்டியதை அக்கா தன்னை ஏசியதாக எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

"அதற்கு அர்த்தம் என்ன?" என்று டீச்சர் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா யோசித்தாள். இந்தியில் தேடினாள். "உள்ளேன் மத்லப்... மை ஹை. மை இதர் ஹை" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான் இருக்கிறேன். இங்கே இருக்கிறேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அத்தனை பிள்ளைகள் முன்னால், "தப்பு என்னுடையது. நான் தலை நிமிரவில்லை" என்றார். வகுப்பு அடங்கிப்போனது. கிளம்பும்போது என் தலையில் கைவைத்து, "து கப் ஆயேகா?" என்றார். நீ எப்போது இங்கே வருவாய்? நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தேன். வெட்கம் என்று இரண்டு பாயியும் சிரித்தார்கள்.

அப்பாவிடம் அன்று ராத்திரி அம்மாதான் பேசினாள். "பிள்ள ஒரு நாளு தவறல. இனி அது படிப்புல யாரும் கைய வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். அப்பா வெகுநேரம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் டீச்சர் ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்த்தாராம். அக்கா கை தூக்கினால் போதும் என்றாராம். பார்க்க ஆரம்பித்ததும், வாய் திறக்காத பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் அகப்பட்டார்களாம். நாலு பேரையும் இடைவேளையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். படிப்பைப் பற்றிப் பேசவே மாட்டாராம். உன் வீட்டில் புளி போட்ட குழம்பா, என் வீட்டில் வெல்லம் போட்ட பருப்பு என்று அதுதான் பேச்சாம். தீபாவளி லீவு முடிந்து ஒரு நாள் அக்கா கையைத் தூக்காமல் எழுந்து நின்று "உள்ளேன் பாயி" என்றாள். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். சிரித்து முடி என்று அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு அக்கா உட்கார்ந்தாளாம். இதை இன்றும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள்.

என் பனங்கற்கண்டுதான் வேலை செய்தது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாலு வருடம் கழித்து, ஏழாம் வகுப்பு முடித்து, ஜூன் மாதம் அதே பள்ளியில் சேர நான் போனேன். டீச்சர் மாற்றலாகிப் போயிருந்தார். வகுப்பு வாசல் வரை போனேன். உள்ளே பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஹாஜிர், ஹாஜிர் என்று வரிசையாகப் பதில். அப்படியே திரும்பி நடந்தேன். தாழ்வாரத்திலிருந்து பெருக்குகிற பாயி, "ஏ பேட்டா!" என்று கூப்பிட்டார். வேகமாக நடந்தேன். அப்பாவிடம், பட்டறைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "வீட்டுக் கஷ்டம் தெரிஞ்ச பய" என்று அப்பா என் தோளில் தட்டினார். அம்மாவுக்கும் பெருமைதான். "நெசமாவால?" என்று அக்கா மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். அவளுக்கு நேர்ந்தது வீட்டுக்குத் தெரிய ஒரு கார்டு வந்தது. பெயரே சேராத பையனுக்கு யார் சிவப்பு மை போடுவார்கள்?

இன்று காலையில் என் மகளை எட்டாம் வகுப்பில் விட்டு வந்தேன். என்னைப் போலப் பேசாத பெண். நான் கேட்டோடு திரும்பக் கூடாது என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். உள்ளே போனேன். இளவயது டீச்சர். "பேர் கூப்பிடும்போது ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க மேடம், அவள் இருப்பாள்" என்று இந்தியில் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டேன். அவர் மகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. நீ எப்போது வருவாய் என்று அன்று பாயி என்னிடம் கேட்டது சும்மா பேச்சுக்கு என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். பேனாவைக் கீழே வைத்த பிறகு, நிமிர்ந்து, நானும் வர வேண்டும் என்று என்னைப் பார்த்துத்தான் அவர் கேட்டார். ஒன்பது வயதில் நான் அதைப் பார்க்கவில்லை. நான் சேலைக்குள் இருந்தேன்.

ஜூன் பதின்மூன்று, பள்ளிக்கூடம் திறந்த நாள்.