தாளில் இல்லாத சொல்

கருத்தரிப்பு மருத்துவமனையில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். காலை பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் வரும். முந்தின நாள் எடுத்த முட்டைகளில் எத்தனை கருவுற்றன என்று அதில் இருக்கும். அதை அந்தந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்வதுதான் அவள் வேலை.

"என்ன ரேடியோ, இன்னைக்கு நல்ல சேதி உண்டா?" என்பார் வாசல் காவலாளி.

"உங்களுக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் நாலு பிள்ளைங்க இருக்கே!"

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். விந்தணுவும் முட்டையும் இணைந்து ஓர் உயிரணு ஆவதே கருவுறுதல் என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவள். மூட்டை தூக்கும் அப்பா, "டாக்டருக்கு அடுத்த நாற்காலி எம் பொண்ணுக்குத்தான்" என்று அளந்துவிடுவார். நாற்காலி என்னவோ மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.

கருவுறவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் எழுதியிருப்பாளா?

ஒரு புதன்கிழமை தாளில் ஒரு தையல்காரப் பெண்ணின் பெயர் இருந்தது. முட்டை ஏழு, கருவுற்றது இல்லை. மூன்றாவது முயற்சி. இதற்குமேல் உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ரேடியோ அழைத்தபோது முதல் மணியிலேயே அந்தப் பெண் எடுத்துவிட்டாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"சொல்லு தங்கச்சி."

"அக்கா... இன்னும் கருவுறலை."

'இன்னும்' தாளில் இல்லை. சூடான பாத்திரத்தைத் துணி வைத்துப் பிடிப்பதுபோல, வாய் தானாக அதைச் சேர்த்துக்கொண்டது. மருத்துவர் அடுத்த வாரம் வரச் சொன்னதைச் சொல்வதற்குள், "சரிம்மா, சரிம்மா" என்று அழைப்பு அறுந்தது. திரும்ப அழைத்திருக்கலாம். அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மறுநாள் காலை தையல்காரப் பெண் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். தலை குளித்து ஈரம் காயவில்லை. கையில் மாற்றுத் துணிப் பை.

"இன்னைக்கு ஆயிருக்கும்ல? கருவை உள்ள வைக்கிறதுன்னா படுக்கணுமே, அதான் எல்லாம் எடுத்துட்டு வந்தேன்."

ரேடியோ எழுந்து ஆய்வகத்துக்கு ஓடினாள். தெரிந்த பதில்தான். ஆனாலும் ஓடி, தான் 'இன்னும்' என்று சொல்லிவிட்டதைச் சொன்னாள்.

"இன்னும் வரலைன்னு சொல்ல அது என்ன பஸ்ஸா?" என்றார் ஆய்வக அண்ணன். கேட்டபின் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "முதல் நாளே தெரிஞ்சுரும்மா. ஆகலைன்னா ஆகலைதான். நேத்தே எடுத்துப் போட்டாச்சு."

திரும்பி வந்து, தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்துச் சொன்னாள். இம்முறை தாளில் இருந்ததை மட்டும்.

தையல்காரப் பெண் அழவில்லை. பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நேத்து நீ சொன்னதைச் சொன்னதும் எங்க மாமியார் என்னைத் தண்ணிக்குடத்தைத் தூக்கவிடலை. பதினோரு வருஷத்துல முதல் தடவை, சாப்டியாம்மான்னு கேட்டாங்க. இப்போ போய் என்னன்னு சொல்றது?"

"தப்பு என்னோடதுக்கா. நான் வந்து அவங்ககிட்ட சொல்றேன்."

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேணாம் தங்கச்சி. அவங்க மூஞ்சியப் பாத்ததும் நீ மறுபடி 'இன்னும்'னு சேர்த்துருவ."

அவள் போன வழியில் தரையில் ஈரக்கூந்தல் சொட்டிய துளிகள் கிடந்தன. பத்து மணிக்கு அன்றைய தாள் வந்தது.