குதிரைக்குத் தடவிய நல்லெண்ணெய்

பண்டாரவளைக்கு மேலே ஒரு விடுதியில் குதிரைக்குச் சேணம் கட்டிவிடுவது என் வேலை. விருந்தாளிகள் ஏறித் தேயிலை மலையைச் சுற்றி வருவார்கள். ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் நாத்தனாருக்கு இது வேலையாகவே படவில்லை. "குதிரைக்குச் சீலை கட்டிவிட்டுச் சம்பளம் வாங்குறவளைப் பாருங்கடி" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லார் முன்னாலும் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு, விடுதிக்குப் பின்னால் குதிரைக் கொட்டிலை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு மாடு இல்லை. சோறு போடுவது குதிரைதானே? அன்று சவாரியும் இல்லை. காலையிலேயே அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, முதுகு பளபளக்க நல்லெண்ணெய் தடவியிருந்தேன்.

"இவ்வளவு பவுசு பண்ணுறியே, என்னைய ஏத்திக் காட்டு பாப்போம்" என்றார்.

"வாங்க மதினி!" என்றேன். ரோசம், வேறென்ன?

எண்ணெய் முதுகில் சேணம் நிற்காது. அது எனக்குத் தெரியாதா? தினமும் முதுகைத் துலக்கி, ஈரமோ மண்ணோ இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் சேணத்துக்கு அடியில் போடும் துணியையே விரிப்பேன். அன்று ஒரு சாக்கால் துடைத்ததோடு சரி. வயிற்று வாரைக் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்சம் நடத்தி, வார் தளர்ந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார், நான் அவசரப்பட்டேன்.

அவர் கால் வைத்து ஏறியதும் சேணம் அப்படியே அவர் பக்கம் சரிந்தது. "ஐயோ ஆத்தா!" குதிரை அசையாமல் நின்றது, பாவம். அவர் வலக்கை அடியில் மடங்கக் கீழே கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றார்கள். கொழுந்து பறிக்கிற கை. எனக்கோ, விடுதியில் தெரிந்தால் என் வேலை போய்விடுமே என்றுதான் முதலில் தோன்றியது. சீ, நானும் ஒரு மனுஷியா? எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன்.

"படியில வழுக்கிட்டேங்க" என்றார் நாத்தனார்.

லயத்திலும் அதையே சொன்னாராம். அவர் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்த நாளெல்லாம் என்னை ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. வாய் நிறையத் திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு, போன வாரம் வந்தார். நேரே குதிரையிடம் போய் நின்றார்.

"ஏ புள்ள, இன்னைக்கு ஒழுங்காக் கட்டு. ஏறிப் பாக்குறேன்."

முதுகைத் துலக்கினேன், தடவிப் பார்த்தேன். வாரை இறுக்கினேன், நடத்தினேன், மறுபடி இறுக்கினேன். போதுமென்று மனம் ஒப்பவில்லை, மறுபடியும் நடத்தினேன். அவர் பொறுமையாக நின்றார். வலக்கை விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை, சேணத்தைப் பிடிக்க வரவில்லை. இடக்கையை என் தோளில் ஊன்றினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லாப் பாத்துக்கிட்டியா?" என்றார். "மறுபடியும் படியில வழுக்கிட்டேன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."