நேரஞ்சென்றவர்

முந்தலில் உள்ள அச்சகத்துக்கு என் கல்யாணக் கார்டு அடிக்கக் கொடுப்பதற்காக அம்மாவும் நானும் போயிருந்தோம். கணினிக்கு முன்னால் இருந்தவர் அப்பாவின் பெயரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"டீச்சர், அப்பா லேட்டா?"

நான் வாய் திறக்க முன்னரே அம்மா பதில் சொன்னாள்: "ஓம் தம்பி, கொஞ்சம் லேட்தான்."

அவர் தலையாட்டிக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தில் ‘காலஞ்சென்ற’ என்றும் ஆங்கிலப் பக்கத்தில் ‘லேட்’ என்றும் சேர்த்தார். அவர் கேட்டதிலும் பிழையில்லை, அம்மா சொன்னதிலும் பிழையில்லை.

அப்பா மாம்புரிக் கரையில் இருந்து மீன்பிடிக்கப் போனவர். நான் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தபோது, சோளகக் காற்று வீசிய ஒரு நாள், அவருடைய படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா அவருக்காக ஆத்துமப் பூசை வைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போகும். அவள் வீட்டிலேயே இருப்பாள். யாராவது கேட்டால், "அந்த மனுசன் எப்பவும் நேரஞ்செண்டுதான் வாறவர்" என்பாள்.

அது உண்மைதான். நான் சிறுமியாக முதல் நன்மை வாங்கிய அன்றும் அவர் பூசை முடிகிற நேரத்தில்தான், சாரத்தில் மீன் செதில் ஒட்டியிருக்க, கோயில் வாசலில் வந்து நின்றார்.

மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘காலஞ்சென்ற’ என்ற இடத்தில் விரல் நின்றது.

"நான் இப்பிடிச் சொல்லல்லயே."

இத்தனை காலமும் அவள் வாயால் சொல்லாததை, அவள் பெயரிலேயே ஊருக்குக் கொடுக்கும் கார்டு சொல்லப்போகிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சொல் வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால், பெண்ணின் தகப்பன் எங்கே என்று ஆட்கள் கேட்பார்களாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஆங்கிலம் படிப்பிக்கிறவள். வேறு வழி தெரியாமல் அகராதியைத் திறந்தேன். பழைய ஆங்கிலத்தில் ‘லேட்’ என்ற சொல்லுக்கு மெதுவான, மந்தமான என்றுதான் பொருள். பிறகு பிந்தி வருவதற்கு ஆகியது. அண்மைவரை இருந்தவர் என்று சொல்லப்போய், இறந்தவர்களோடும் ஒட்டிக்கொண்டது. கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’ கூட அதன் பிள்ளைதான். எல்லாவற்றிலும் பிந்தியது கடைசி.

எங்கள் பேச்சும் அப்படித்தானே என்று அப்போதுதான் பட்டது. நேரஞ்சென்றவர் வந்துவிடுவார். காலஞ்சென்றவர் வரமாட்டார்.

நான் சொன்னதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இங்கிலீசுச் சொல்லுக்கு ரெண்டு கருத்தும் இருக்கா?"

"ஓம் அம்மா."

"பிந்தி வாறவருக்கும் அதே சொல்தானா?"

"அதே சொல்தான்."

"அப்ப அது கிடக்கட்டும். தமிழ்ல உள்ளத எடுத்துரு."

"வாசிக்கிற ஆக்கள் செத்தவரெண்டுதானேம்மா எடுப்பாங்க."

"அவங்க எப்பிடியும் எடுக்கட்டும். நான் எடுத்தது பிழையில்லத்தானே? நீ படிச்சவ, சொல்லு."

பிழையில்லை என்றேன். உண்மையில் பிழைதான். ஓர் ஆளின் பெயருக்கு முன்னால் நிற்கும்போது அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். எங்கள் வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும்.

கல்யாணத்தன்று கோயிலுக்குள் போக முன்னர் மாப்பிள்ளையின் மாமி அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"தமிழ்ப் பக்கத்தில ஒரு சொல் விடுபட்டிருக்கே, அடிச்சவன் நித்திரையில அடிச்சானோ?"

"இல்லக்கா, என்ட மகள்தான் பார்த்துக் குடுத்தவ" என்றாள் அம்மா. "அவ பிழை விடமாட்டா."

பூசை முடிகிற நேரம் நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பீடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.