பென்டிரைவில் இருந்த மெட்ச்

வாப்பா சிறைக்குப் போகப்போகிறார் என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னவர் மாமா, உம்மாவை 'தாத்தா' என்று கூப்பிடும் தம்பி. மாத்தளை பஸாரில் டீவிடி கடை வைத்து, டீவியில் போன சீரியலையும் மெட்ச்சையும் பதிந்து விற்றுக்கொண்டிருந்தார். ஆகவே இந்த விஷயத்தில் சட்டம் தெரிந்தவர் அவர்தான் என்று நம்பினேன்.

வாப்பா தம்புள்ளையிலிருந்து லொறியில் மரக்கறி கொண்டுவருபவர். மெட்ச் நடக்கும்போது சந்தையில் நிற்பார். டிஷ் பெட்டியில் பென்டிரைவைச் செருகிப் பதிந்து வைப்பது உம்மாவின் வேலை. வாப்பா வந்து பார்த்து முடிக்கும்வரை வீட்டில் யாரும் ஸ்கோரைச் சொல்லக் கூடாது. வழியில் காதில் விழுந்துவிடும் என்று லொறியில் ரேடியோகூடப் போடமாட்டார்.

"டீவில போறத புடிச்சி வெக்கிறது களவுதானே மகள். பொலிஸ் வந்தா வாப்பாவ கொண்டு போயிருவாங்க," என்றார் மாமா, எங்கள் வீட்டு வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டபடி.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதியும்போது பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கை என் ஸ்கார்ஃபால் மூடி வைத்தேன். ஜீப் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா டீவி முன்னால் உட்கார்ந்த நேரம், வாசலில் ஜீப் நின்றது. காக்கி உடுப்போடு ஒரு பொலிஸ் மாத்தயா இறங்கி வந்தார்.

"முதலாளி, நேத்து மெட்ச் புடிச்சீங்களா?"

"ஓ மாத்தயா, முழுசா இருக்கு," என்றார் வாப்பா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நான் வாப்பா உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு கதறினேன். "வாப்பா புடிக்கல்ல! பெட்டிதான் தானா புடிச்சிது!"

விஷயம் தெரிந்ததும் பொலிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டுல பாக்க புடிச்சா யாரு கேக்கப் போறா? வித்தாத்தான் வழக்கு. எனக்கு நேத்து டியூட்டி மகள். ஸ்கோர மட்டும் சொல்லிறாத." வாப்பாவுக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது.

தேத்தண்ணி கேட்கக் குசினிக்கு ஓடினேன். பின்கதவால் மாமா மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் டீவிடி நிறைந்த பை. "பஸார்ல கடை கடையா செக் பண்றாங்க தாத்தா. இத எங்கயாவது வைங்க," என்று உம்மாவிடம் கெஞ்சினார். வாசலில் நின்ற ஜீப்பை அவர் பார்க்கவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். "பயப்படாதீங்க மாமா, அந்த மாத்தயா நல்லவரு! உள்ளுக்குத்தான் இருக்காரு, கூப்பிடவா?"

உம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். வெங்காயம் மணத்த அந்தக் கையை எடுக்கவே இல்லை. மெட்ச்சின் ஸ்கோரை நான் உளறிவிடுவேன் என்று உம்மா இவ்வளவு பயப்படுகிறாரே என எனக்கு ஆச்சரியமாக இருந்தது.